கொச்சி வாட்டர் மெட்ரோ: படகு நல்லாத்தான் இருக்கு, அட்டவணை?

கொச்சிக்குப் போய்ட்டு வந்த யாரைக் கேட்டாலும் வாட்டர் மெட்ரோ போட்டோ ரெண்டு காட்டாம விடமாட்டாங்க. ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல், காதைக் கிழிக்காத மோட்டார். நானும் போனேன், நானும் போட்டோ எடுத்தேன். ஊருக்குத் திரும்பி அதைப் பற்றி வந்த கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறுத்தியது. எல்லாமே பேட்டரி பற்றித்தான். எத்தனை நிமிடத்துக்கு ஒரு படகு, இறங்கினபிறகு பஸ் இருக்கா, எவ்வளவு டிக்கெட், இதையெல்லாம் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பஸ்ஸைப் பற்றி எழுதும்போது என்ஜினை மட்டும் எழுதுவோமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏன்னா அது நிறைய இருக்கு. 2023 ஏப்ரலில் ஹைகோர்ட்–வைப்பின், வைட்டிலா–காக்கநாடு என்று இரண்டு தடங்களில் தொடங்கினார்கள். முழுத் திட்டம் 38 படகுத்துறைகள், 78 படகுகள், சுமார் 1,137 கோடி ரூபாய். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன் அதில் பெரும் பங்கு. படகுகளைக் கட்டுவது கொச்சின் ஷிப்யார்ட். ஒரு படகில் 100 பேர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது படகு இல்லை, அது வந்து நிற்கும் மிதவை மேடை. அலை ஏற இறங்க மேடையும் கூடவே ஏறி இறங்கும். அதனால் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம். வயசானவங்க யார் கையையும் பிடிக்காம ஏறலாம். பழைய படகுத்துறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாவி ஏறிய யாருக்கும் இதன் அருமை புரியும்.

இரண்டாவது, எண்ணிக்கை. நுழைவுக் கதவு ஆளை எண்ணுகிறது, 100 ஆனால் அவ்வளவுதான். இது சின்ன விஷயம் இல்லை. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிக் கூட்டம். பலர் பிஎஸ்சி பரீட்சை எழுதப் போனவர்கள். 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சி பக்கத்திலேயே மீன்பிடிப் படகு மோதி பயணிகள் படகு உடைந்து 11 பேர் போனார்கள். அந்த நினைவு இருக்கிற ஊரில், 101-வது ஆளை ஏற்றமாட்டேன் என்று சொல்லும் ஒரு கதவுக்குத் தனி மதிப்பு உண்டு.

சரி, இப்போ விமர்சனத்துக்கு வருவோம்.

"மெட்ரோ" என்ற பெயரே ஒரு வாக்குறுதி. டைம் பார்க்காம போய் நிற்கலாம், வண்டி வரும் என்பதுதான் அதன் பொருள். கணக்குப் போட்டுப் பாருங்க. இருபது நிமிடத்துக்கு ஒரு படகு என்று வைத்துக்கொண்டால் மணிக்கு மூன்று, ஒரு திசையில் அதிகபட்சம் 300 பேர். டவுன் பஸ் ஐந்து வந்தால் அதே ஆட்களை ஏற்றிவிடும். தொடங்கி ஆறு மாதத்தில் 10 லட்சம் பேர் பயணம் செய்தார்கள் என்பது பெரிய செய்தியானது. 180-ஆல் வகுத்தால் நாளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். ஆரம்பத்துக்கு மோசமில்லை. ஆனால் அதில் தினமும் வேலைக்குப் போகிறவர் எத்தனை, என்னைப் போல ஜன்னலோரம் போன் பிடித்தவர் எத்தனை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. லட்சக் கணக்கு அதைச் சொல்லாது. சுற்றுலாக்காரருக்கு அரைமணி காத்திருப்பதும் சுற்றுலாதான். ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்கவேண்டியவருக்கு அப்படி இல்லை.

அட்டவணை விஷயம் எங்க வேலையில் வரும் த்ரூபுட் கணக்கு மாதிரிதான். ஒரு தடத்துக்கு எத்தனை படகு தேவை? போய்வரும் மொத்த நேரத்தை இடைவெளியால் வகுத்தால் போதும். பயணம் 20 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் 10 நிமிட நிறுத்தம் என்றால் ஒரு சுற்று 60 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட 6 படகு வேணும். அதே நிறுத்தத்தை 5 நிமிடமாகச் சுருக்கினால் சுற்று 50 நிமிடம், 5 படகு போதும். பணமே செலவழிக்காமல் ஒரு படகு மிச்சம்! இந்தப் படகுகள் வேகமாகவும் போகமாட்டா. பேட்டரியில் 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலை எழுப்பிக் கரையை அரிக்காமல் இருக்க இந்த நிதானம் நல்லதுதான். ஆனால் தண்ணீரில் மிச்சம் பிடிக்க முடியாத நேரத்தைத் துறையில்தான் பிடிக்கவேண்டும்.

வான்கூவரின் சீபஸ் இதை 1977-லேயே தீர்த்துவிட்டது. படகின் ஒரு பக்கக் கதவுகள் எல்லாம் ஒரே சமயம் திறக்கும், எல்லாரும் அந்தப் பக்கம் இறங்குவார்கள். அடுத்து எதிர்ப்பக்கக் கதவுகள் திறக்கும், காத்திருந்தவர்கள் ஏறுவார்கள். இறங்குபவரும் ஏறுபவரும் முட்டிக்கொள்வதே இல்லை. சுமார் 400 பேர் சில நிமிடங்களில் மாறிவிடுகிறார்கள். டிக்கெட்டும் பஸ், ரயிலோடு சேர்ந்த அதே டிக்கெட். படகுக்கென்று தனியாகக் காசு கிடையாது. பாங்காக்கின் சேன் சேப் கால்வாய்ப் படகு இன்னொரு கோடி: ஹெல்மெட் போட்ட கண்டக்டர் படகின் ஓரத்தில் நடந்து டிக்கெட் கொடுப்பார், படகு துறையைத் தொட்டதும் ஜனங்கள் தாவி ஏறுவார்கள், சில நொடியில் கிளம்பிவிடும். பாதுகாப்பில் அதை யாரும் காப்பி அடிக்கக்கூடாது. ஆனால் ஆபீஸ் போகிறவர்கள் அதில் ஏன் ஏறுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

வேடிக்கை என்னன்னா, எல்லாரும் புகழும் அந்த பேட்டரியே ஒரு அட்டவணை முடிவுதான். அது லித்தியம் டைட்டனேட் வகை. அதே எடையில் மற்ற லித்தியம் பேட்டரிகளைவிடக் குறைவான மின்சாரம்தான் சேமிக்கும், விலையும் அதிகம். பிறகு ஏன்? பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும், ஆயிரக்கணக்கான முறை தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. துறையில் நிற்கும் இடைவேளைக்குள் சார்ஜ் முடியணும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைத்தான் பாராட்டணும். நாம "மின்சாரப் படகு" என்பதோடு நின்றுவிடுகிறோம்.

மின்சாரம் கேரளப் படகுக்குப் புதுசும் இல்லை. 1968 முதல் இருக்கும் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியிலேயே வைக்கம்–தவணக்கடவு தடத்தில் "ஆதித்யா" என்ற சூரிய மின்படகை விட்டது. 75 பேர், சாதாரணக் கட்டணம். மெட்ரோ என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இங்கேதான் என் பெரிய புகார். எர்ணாகுளம் கரையில் அந்தத் துறையின் பழைய படகுத்துறை இருக்கிறது. நடந்துபோகும் தூரத்திலேயே வாட்டர் மெட்ரோவின் ஹைகோர்ட் முனையம். இரண்டிலிருந்தும் ஃபோர்ட் கொச்சிக்குப் படகு உண்டு. ஒன்றில் பத்து ரூபாய்க்கும் குறைவு, இன்னொன்றில் 40. இரண்டும் பொதுத்துறை, போவது ஒரே காயல், ஆனால் டிக்கெட் வேறு, அட்டவணை வேறு. தவறவிட்ட படகுக்குப் பதிலாக அடுத்த துறைப் படகில் ஏறலாம் என்ற வசதி கிடையாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கோர்த்தால் புதுப் படகு வாங்காமலேயே காத்திருப்பு குறையும். இதுக்கு பேட்டரி தேவையில்லை, இரண்டு அலுவலகங்கள் ஒரு மேஜையில் உட்காரணும்.

கட்டணத்தில் ஒரு நியாயமும் சொல்லணும். மாதப் பாஸ் 600 ரூபாய்க்கு 50 பயணம் என்றுதான் தொடங்கினார்கள், அதாவது 12 ரூபாய். மூன்று மாதப் பாஸில் 10 ரூபாய்தான். ஆக, 40 ரூபாய் என்பது என்னைப் போன்ற ஒருநாள் ஆளுக்கான விலை, அது சரியே. ஆனால் தினக்கூலிக்குப் போகிறவரிடம் மொத்தமாக 600 ரூபாய் முன்கூட்டி இருக்குமா? எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்றே தெரியாதவர் 50 பயணம் எப்படி வாங்குவார்? பாஸ் சலுகை மாதச் சம்பளக்காரனுக்குப் போகிறது, முழு விலையைக் கொடுப்பது கையில் குறைவாக இருப்பவர். இதைச் சரிசெய்வது மென்பொருளில் ஒருநாள் வேலை. கார்டிலேயே பயணங்களை எண்ணி, மாதம் இத்தனைக்கு மேல் பிடிக்காதே என்று வைத்துவிடலாம். லண்டனில் நாள், வார வரம்புகள் அப்படித்தான் ஓடுகின்றன.

தீவுக்காரர்கள் கதை தனி. வைப்பினுக்கு 2004-லேயே கோஸ்ரீ பாலங்கள் வந்துவிட்டன. அங்கே பஸ்ஸும் படகும் போட்டி போடும், எது லேட்டானாலும் இன்னொன்று உண்டு. பாலத்துக்குச் சுற்றிப் போகவேண்டிய உள்காயல் தீவில் இருப்பவருக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் வாழ்க்கை. ராத்திரி வலி எடுத்தால், ரெண்டாவது ஷிஃப்ட் முடிந்து வந்தால், என்ன வழி? சுற்றுலா வருமானம் தரும் தடத்துக்குப் படகு குவிவதும், இந்தத் தடங்கள் காத்திருப்பதும் எந்த நிர்வாகத்திலும் தானாக நடக்கும். எதிர்த்துத் திட்டமிட்டால்தான் மாறும். முதல் ஒப்பந்தமே 23 படகுகளுக்குத்தான் போட்டார்கள் என்பதால், இருப்பதை எங்கே விடுவது என்ற தேர்வு தினமும் இருக்கிறது.

இப்போது மற்ற நகரங்களுக்கும் வாட்டர் மெட்ரோ சாத்தியமா என்று ஆராயும் வேலை கொச்சி மெட்ரோ நிறுவனத்திடமே வந்திருக்கிறது. அந்த அறிக்கைகள் வெளியானால் படகின் படம் இருக்கும் பக்கங்களைத் தள்ளிவிட்டு மூன்று எண்களைத் தேடப்போகிறேன்: காலை எட்டு மணிக்கு இடைவெளி எத்தனை நிமிடம், துறையிலிருந்து பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டர், கடைசிப் படகு எத்தனை மணிக்கு. உங்க ஊர் அறிக்கை கையில் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்க.