கட்டுமாவடிக்குச் சொன்ன படம்

போதகர் திரைப்படம் பார்க்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. எந்தப் படத்தைப் பிறருக்குச் சொல்வது என்ற கேள்வியையோ நாம் இன்னும் சரியாகக் கேட்டதில்லை. நம்மில் பலர் சொல்வது ஆண்டவரின் வரலாற்றைக் காட்டும் படங்களையே. 1978இல் தெலுங்கில் வெளிவந்த ‘கருணாமயுடு’ வேறு மொழிகளிலும் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் கிறிஸ்துவின் உருவம் திரையில் தோன்றினால்தான் படம் இறையியலுக்குரியது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. உவமைகளைச் சொன்னவர் விதைப்பவனையும் காசைத் தொலைத்த பெண்ணையும் பற்றியல்லவா பேசினார்!

கட்டுமாவடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின் இளைஞர் சிலர் நல்ல படம் ஒன்று சொல்லும்படி கேட்டனர். சீனு ராமசாமி இயக்கி 2012இல் வெளிவந்த ‘நீர்ப்பறவை’யைச் சொன்னேன். பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகை நம்பி வாழ்வோர் தங்கள் வாழ்வை அதில் காண்பர் என்று எண்ணினேன்.

கதை ஒரு கத்தோலிக்க மீனவ ஊரில் நிகழ்கிறது. குடிக்கு அடிமையான அருளப்பசாமி, எஸ்தர் என்னும் பெண்ணின் அன்பினால் மீள்கிறான். அவன் கடலில் கிடைத்த அநாதைக் குழந்தை. ஆகவே மீன்பிடிக்கும் உரிமையை ஊர் அவனுக்கு எளிதில் தருவதில்லை. பின்பு கடலில் சுடப்பட்டு இறக்கிறான். அவன் உடல் இரகசியமாக வீட்டிலேயே புதைக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்குப்பின் எலும்புகள் வெளிப்பட, முதிய எஸ்தர் நீதிமன்றத்தில் நிற்கிறாள். முன்பே அறிவித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதுபோன்ற அவளுடைய எதிர்க்கேள்விக்கு அங்கே விடையில்லை.

எஸ்தர் பொய் சொன்னவள்தானே என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டார். அவரை இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். தூக்கிலிடப்பட்ட தன் மக்களின் உடல்களை ரிஸ்பாள் கன்மலையின்மேல் இரட்டு விரித்துக் காக்கிறாள். பகலில் பறவையும் இரவில் விலங்கும் அவற்றைத் தொட விடவில்லை. அவள் அரசனிடம் முறையிட்டதாகத் திருமறை கூறவில்லை. அவள் செய்தது தாவீதின் செவிக்கு எட்டியது. அதன்பின்னரே எலும்புகள் சேர்க்கப்பட்டன. நந்திதா தாஸ் ஏற்ற முதிய எஸ்தரை இந்த வரிசையில் வைத்தே பார்க்கவேண்டும். அவள் மௌனம் கோழைத்தனமன்று. கேட்பாரில்லாத இடத்தில் பிணத்தைக் காத்திருந்த சாட்சி அது.

படம் வெளிவருமுன் ஒரு பாடலின் சொற்களுக்குக் கிறிஸ்தவர் தரப்பில் எதிர்ப்பு எழ, கவிஞர் வைரமுத்து அவற்றை மாற்றிக்கொடுத்தார். சொற்களில் நாம் விழிப்பாயிருந்தோம். வீட்டுத் தரைக்கடியில் கிடந்த உடலைப்பற்றி நம் மறையுரைகளில் எத்தனை பேர் பேசினோம்?

குறைகளும் உண்டு. முற்பகுதியின் காதல் காட்சிகள் நீள்கின்றன. நீதிமன்றத்தில் வசனம் காட்சியின் வேலையையும் தானே செய்யப் பார்க்கிறது. ஆனால் பெரிய குறையை எனக்குச் சுட்டியவர் ஒரு முதிய மீனவர். அடுத்தமுறை சென்றபோது, “துவக்கைக் காட்டுறாங்க ஐயா, நம்ம வலையை அறுத்துக்கிட்டுப் போற இழுவைமடியைக் காட்டலையே” என்றார். அவர் சொன்னது சரியே. பக்கத்துத் துறைகளாகிய கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் உண்டு. எதிர்க்கரைத் தமிழ் மீனவரும் இழுவைமடியைப்பற்றி இதையே முறையிடுகின்றனர். இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. பகைவன் ஒருவனே என்று கதை எளிமையாக்கிக்கொள்கிறது. அதற்காகத் துப்பாக்கி பொய்யாகிவிடாது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற ஒரு படகின் நால்வர் கடலில் மாண்டனர். மோதல் என்றது இலங்கைக் கடற்படை, தாக்குதல் என்றனர் மீனவர்.

ஆகவே இப்படத்தைச் சொல்லும் போதகர் சொல்லிவிட்டு அகலாமல், பார்த்தவர்களோடு உட்கார வேண்டும். நான் அன்று ரிஸ்பாளைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார். அவருடைய கணவர் கடலிலிருந்து திரும்பவேயில்லை என்று பிறகு அறிந்தேன். “அந்த எலும்பைக் கடைசியில எங்க ஐயா வச்சாங்க?” என்று கேட்டார். தாவீது சேர்த்த சவுலின் எலும்புகள் எந்த ஊரில், எவருடைய கல்லறையில் வைக்கப்பட்டன என்பதைக்கூடத் திருமறை குறித்திருக்கிறது. படத்தை இருமுறை பார்த்த நான் அதைக் கவனித்திருக்கவில்லை.