மஸ்கெலியாத் தோட்டங்களில் காமன் கூத்து

இலங்கையின் மஸ்கெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் பொதுவாக மலையகம் எங்கும் முதன்மை பெற்ற கூத்துகள் மூன்று. பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனாக வேடமிட்டவர் உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவது அருச்சுனன் தபசு. கொங்கு நாட்டு அண்ணன்மாரின் போரையும் வீழ்ச்சியையும் ஆடிக்காட்டுவது பொன்னர் சங்கர். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்த கதையை ஆடுவது காமன் கூத்து. இவற்றுள், ஒரு தோட்டம் முழுவதையும் இரு வாரமளவும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் காமன் கூத்தே புதிதாக ஆடவருவோருக்குச் சிறந்த பயிற்சிக் களமாகும்.

மாசி அமாவாசைக்குப் பிந்திய வளர்பிறையில், ஆமணக்கு, கரும்பு முதலியவற்றை வைக்கோற் பிரியால் சுற்றிக் காமன் பொட்டலில் நடுவதைக் ‘கம்பம் ஊன்றுதல்’ என்பர். காப்புக் கட்டி விரதம் ஏற்ற ஆட்டக்காரர் அதன்பின் இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். கதை பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தில் உச்சம் அடையும். ஆட்டத்தை நடத்துவது தப்பு, அதாவது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்து இரு குச்சிகளால் அடிக்கும் பறை. மலைநாட்டு இரவுப் பனியில் தோல் தளர்ந்துவிடுவதால் அதை அடிக்கடி தீயில் காய்ச்சவேண்டும். அந்த இடைவேளையே ஆடுவோர் மூச்சு வாங்கும் நேரமுமாகும். முற்காலத்தில் தொழிலாளரை விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்திற்கு, அழைத்ததும் இதே தப்புத்தான். தோட்டத் துரையின் கட்டளையை அறிவித்த கருவியை மக்கள் தம் தெய்வத்துக்கும் கதைக்கும் உரியதாக்கிக்கொண்டது இக்கூத்தின் பெருமைகளுள் ஒன்று.

வேடப்பொருள்களில் கிரீடம், தோள்களில் பொருத்தும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கால் சலங்கை, மதன் எனப்படும் மன்மதனின் வில், அவன் மனைவி ரதியின் சவுரி ஆகியவை முக்கியமானவை. மரத்தாலும் அட்டையாலும் செய்து ஜிகினாத்தாள் ஒட்டிய இவை வெறும் அலங்காரம் அல்ல. புஜக்கட்டை உடலை அகலப்படுத்திக் காட்டுவதோடு கையின் வீச்சையும் கட்டுப்படுத்துவதால், ஆட்டத்தின் பொறுப்பு காலுக்கும் சுழற்சிக்கும் சேர்கிறது. சலங்கையோ தப்பின் அடியிலிருந்து கால் பிசகினால் அதை உடனே வெளிப்படுத்திவிடுகிறது. இவ்வணிகளுக்குப் பதிலாகத் திரைப்படப் பாணியிலான இலகுவான ஆடைகளை அணியும்போது ஆடுவோருக்குச் சுமை குறைகிறது, ஆனால் அச்சுமையை ஒட்டி உருவான அசைவுகளும் பொருள் இழக்கின்றன. தொடக்கநிலையினர் முதல் நாளிலிருந்தே சலங்கையுடன் பழகுவது நன்று.

இக்கூத்து நிலைத்ததற்கு அது நேர்த்திக்கடனாக ஆடப்படுவதே தலையாய காரணம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, புறப்பட்ட குடும்பங்களோடு கூத்தறிந்தோரும் பாட்டறிந்தோரும் பிரிந்தனர். கலையார்வம் ஒன்றையே நம்பியிருந்தால் அப்பிரிவு பல தோட்டங்களில் கூத்தை முடித்திருக்கும். எஞ்சியோர் விரதத்தை விடத் துணியாததால் ஆட்டமும் உடன் பிழைத்தது. சிறுவர்கள் லயத்து வாசலில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் முன்றிலில், பார்த்துப் பழகிச் சிறு வேடங்களிலிருந்து மதன் வேடம்வரை உயரும் வழியும் இச்சடங்கு அமைத்துத் தந்ததே.

எனினும், கூத்தைக் காத்த அதே சடங்குதான் அதன் கதவையும் அடைத்தது. விரதத்தின் தூய்மை பற்றிய நம்பிக்கை பெண்களை ஆடுகளத்திலிருந்து விலக்க, மரபில் ரதியாக ஆடுபவர் ஆணே. கணவன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரி இக்கூத்தின் இதயப் பகுதி. அந்த ஒப்பாரியை இழவு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடிச் செழுமைப்படுத்தியவர்களோ கொழுந்து பறிக்கும் பெண்கள். உரியவர்கள் பார்வையாளராக நிற்க, அவர்களது குரலை வேறொருவர் போன்மை செய்வது கலைநோக்கிலேயே பெருங்குறையாகும். தப்படிப்பதைக் குறிப்பிட்ட சாதியாரின் கடமையாக ஒதுக்கி, கூத்தின் தாளத்தைத் தாங்குவோருக்கு வேடக்காரருக்குரிய மதிப்பை மறுத்துவந்தது அதனினும் கொடியது. இதைச் சடங்கின் பெயரால் நியாயப்படுத்த இடமில்லை.

பாடசாலை மேடையும் தமிழ்த்தினப் போட்டிகளும் இவ்வடைப்புகளைத் தளர்த்தக்கூடியவை, ஏனெனில் அங்கு மாணவி ரதியாக ஆடவும் எவரும் தப்பை ஏந்தவும் தடையில்லை. ஆனால் சில நிமிடங்களுக்குள் சுருக்கப்படும்போது முதலில் வெட்டப்படுவது மெதுவாக வளரும் ஒப்பாரியே. மேடைக்கெனக் கூத்தைத் தொகுக்கும் ஆசிரியர்கள் போர்க்கோலத்தையும் வேகமான அடிகளையும் குறைத்தேனும் அப்பகுதியை முழுமையாக வைக்கவேண்டும், அதனைப் பாடக் கற்பிக்கத் தோட்டத்து மூதாட்டிகளை அழைக்கவும் வேண்டும்.