தோற்றது யார்?

சில வருடங்களுக்கு முன் நோயெதிர்ப்பு மண்டலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளைப் படைவீரர்கள் ஆக்கியிருந்தேன். பி செல்கள் அம்பு விடுபவர்கள். டி செல்களில் ஒரு பிரிவு தளபதிகள், இன்னொரு பிரிவு நேரடியாக மோதுபவர்கள். நல்லா இருக்கு என்று பலரும் சொன்னார்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா அதைப் போன வருடம்தான் படித்தார். ஹார்பரில் லோடு இறக்கியவர். டி.பி. வந்து ஆறு மாத மாத்திரையில் இருந்தார்.

"அப்போ என் ஆளுங்க தோத்துட்டானுங்க, அதானடா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த விமர்சனம் முதலில் என் கட்டுரை மேல்தான். ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து சத்துமாவு விளம்பரம் வரை எல்லோரும் எழுதுவது அதே கட்டுரைதான். ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்று போர்மொழி பேசும் தொழிலில் இருக்கும் எனக்கு அது இன்னும் எளிதாக வந்தது.

உருவகம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா வீட்டுப் பக்கம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தொண்டை அடைப்பான் வந்த குழந்தைக்குக் கொடுக்கும் சீரம், குதிரையின் பி செல்கள் வழியே உருவான எதிர்ப்பொருள். அது நஞ்சைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. இங்கே அம்பு என்று எழுதினால் பெரிய குற்றமில்லை.

காசநோயில்தான் இந்தக் கதை உடைகிறது. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கவந்த மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். டி செல்கள் வந்து அந்தச் செல்லை உசுப்பும்; சுற்றிலும் வளையம் கட்டும். கிரானுலோமா என்கிற இந்தக் கட்டிக்குள் கிருமி பல வருடங்கள் சும்மா கிடக்கலாம். தொற்று ஏற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நோயே வருவதில்லை. அதைப் பெரும்பாலும் வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இருவரும் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நோய் முற்றும்போது நுரையீரலில் விழும் குழியைப் பாருங்கள். அதைக் கிருமி மட்டும் தோண்டுவதில்லை. நம் எதிர்ப்பு வினையில் சுரக்கும் நொதிகளே திசுவைக் கரைக்கின்றன. எச்.ஐ.வி.யால் சிடி4 டி செல்கள் மிகவும் குறைந்தவர்களுக்குக் காசநோய் வந்தால் இந்தக் குழிகள் அரிதாகவே விழுகின்றன. அவர்களுக்கு நோய் உடலெங்கும் பரவுகிறது, சாவும் அதிகம். ஆனால் குழி விழ லிம்போசைட்டுகள் வேண்டும். குழி மூச்சுக்குழாயில் திறந்தால்தான் இருமலில் கிருமி தாராளமாக வெளியே போகும். 2010இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இன்னும் திகைக்க வைக்கிறது. ஃப்ளூ வைரஸ் அடையாளம் தெரியாமலிருக்கச் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமியிலோ, டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள்தான் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. கண்டுபிடிக்கப்படுவதில் அதற்கு லாபம் இருக்கலாம்!

வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் நம் பக்கத்திலேயே ஒரு பதில் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஊசி போட்டவர்களின் தோலில் டியூபர்குலின் சோதனை தடித்தது. டி செல்கள் பாடம் படித்துவிட்டன என்று அர்த்தம். 1979இல் வந்த முடிவோ, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றது. சிசுக்களை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, அதனால் இன்றும் போடுகிறோம். ஆனால் பாடம் படித்த டி செல் வேறு, பாதுகாப்பு வேறு.

நோயைச் சுற்றிய உருவகங்கள் நோயாளியையே தண்டிக்கின்றன என்று சூசன் சாண்டாக் 1978இல் எழுதினார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. போர் என்று எழுதினால் தோற்றவன் ஒருவன் வேண்டும். 'எதிர்ப்பு சக்தி இல்லாதவன்' என்று சொல்லும்போது குடி, பீடி, சோம்பல் எல்லாம் அவன் கணக்கில் ஏறிவிடுகிறது. காற்றுப் புகாத ஒற்றை அறையும், ஐந்து பேருக்குப் பிரியும் சாப்பாடும் கணக்கிலேயே வருவதில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2023இல் வந்த முடிவின்படி அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது.

சித்தப்பாவுக்கு மாத்திரை முடிந்துவிட்டது. சளிச் சோதனையில் கிருமி இல்லை. பழைய கட்டுரையிலிருந்து தளபதிகளையும் காலாட்களையும் எடுத்துவிட்டேன். காசநோய் வரும் பத்தியில் இப்போது இப்படி இருக்கிறது: "உடல் கிருமியைச் சுற்றி வளையம் கட்டும். சாப்பாடும் காற்றும் இருந்தால் பெரும்பாலும் அந்த வளையம் நிற்கும். நின்றாலும் விழுந்தாலும் அது அந்த மனிதரின் வீரத்தைப் பற்றிய செய்தி அல்ல." அவரிடம் வாசித்துக் காட்டினேன். "இது பரவால்லடா. ஆனா முன்ன எழுதுனதுதான் ஜோரா இருந்துச்சு" என்றார்.