நன்னூல் விருத்தியும் திருத்தத்தின் மாண்பும்

எழுதி முடித்த அளவிலே நூல் முற்றிற்று என்று கொள்வார் பலர். முற்றியது எழுதுதற்றொழிலேயன்றி நூலன்று. எழுதியதனை மீளப் படித்துத் திருத்துதலும் நூல் செய்தலின் ஒரு பகுதியே என்பது நன்னூலானும் அதன் விருத்தியுரை வரலாற்றானும் தெளியப்படும்.

பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூற்குற்றம் பத்தென வகுத்தார். அவற்றுள் வழூஉச்சொற் புணர்த்தல் போல்வன எழுதும்போதே புலப்படுதல் கூடும். கூறியது கூறலும், மாறுகொளக் கூறலும், சென்று தேய்ந்திறுதலும் அன்னவல்ல. முற்கூற்றையும் பிற்கூற்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி முன்னிரண்டும் தோன்றா. இறுதிகாறும் படித்தாலன்றி மூன்றாவது தோன்றாது. ஆகவே இக்குற்றங்களை விலக்குக எனவே, முடித்த நூலை முதலிலிருந்து மீள நோக்குக என்பதும் உடன்கூறியதாயிற்று.

இந்நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயப் புலவர் விருத்தியுரை கண்டார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதனை ஆராய்ந்து, வேண்டாதன களைந்தும் வேண்டுவன கூட்டியும் திருத்தினார். 1785இல் சிவபரிபூரணம் எய்திய இம்முனிவர், மாபாடியம் கண்ட பேராசிரியர். தாமே வேறுரை வகுக்க வல்லவர். மறுக்கத்தக்கதனை மறுக்கவும் வல்லரென்பதற்கு இலக்கண விளக்கச் சூறாவளி சான்று. அவ்விரண்டும் செய்யாது, நல்லன நிற்ப வழுவுற்றன மட்டும் நீங்குமாறு திருத்தியதே ஈண்டுக் கருதத்தக்கது. பிறர் உரையிற் கைவைத்தல் அவர் புகழைக் குறைக்கும் என்பாருளர். அது பொருந்தாது. புத்தம்புத்துரை எனப் பெயர் பெற்ற அவ்விருத்தி, செய்தார் பெயரோடும் திருத்தினார் பெயரோடும் சேர்ந்தே வழங்குகின்றது. புலவர் புகழ் மறைந்திலது.

எனினும், திருத்தியவர் பெரியர் என்பது பற்றித் திருத்தம் அனைத்தும் ஆராயாது கொள்ளற்பாலனவல்ல. திருத்தமும் ஆராய்தற்குரியதே. சங்கரநமச்சிவாயர் உரையை உ. வே. சாமிநாதையர் 1925இல் பதிப்பித்தமையால், கற்பார் இரண்டனையும் ஒப்புநோக்கி, எவ்விடத்து எது சிறந்ததெனத் தாமே துணிதல் கூடும். எழுதப் பயில்வார்க்கு இவ்வொப்புநோக்கினும் நல்லாசிரியர் அரியர்.

திருத்துதற்குத் தடையாவது கல்விக்குறை அன்று. 'யான் எழுதியது' என்னும் செருக்கே. ஆணவ மலத்தின் இயல்பைப் பிறர்க்கு விரித்துரைப்பார், தம் ஏட்டில் ஒரு சொல்லை அடிக்க மனமிசையாராயின் அவ்வுரையாற் பயன் என்னை? சமய நூலிலோ பிழையின் கேடு பெரிது. பதியின் இலக்கணம் பசுவின்மேற் சென்று மயங்குமாறு ஒரு தொடர் அமையின், கற்பார் கொள்கையும் உடன் மயங்கும். ஆதலின் எழுதியதனைச் சின்னாள் வைத்துப் பின் பிறர் நூல்போற் படித்தலும், வல்லார்க்குக் காட்டி அவர் குறித்த குற்றத்தை வெகுளாது களைதலும் சைவ நூலெழுதுவார்க்குக் கடனாம்.