போர்வீரர் மட்டுமே வாழும் நாடு: கிளிங்கன் பண்பாடு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் வேற்றுக்கிரகவாசிகளுள் பெரும்பாலானோர் தோற்றத்தினால் மட்டுமே நம் நினைவில் நிற்பவர்கள். சடங்கு, சட்டம், மொழி, மரணம் பற்றிய நம்பிக்கை என்பவற்றோடு ஒரு சமுதாயமாக உருப்பெற்றவர்கள் மிகச் சிலரே. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கில் வரும் கிளிங்கன்கள் அச்சிலருள் முதன்மையானவர்கள் எனலாம்.

1967இல் ஜீன் எல். கூன் எழுதிய அங்கமொன்றில் இவர்கள் முதன்முதலாகத் தோன்றினர். கதாநாயகர்களுக்கு ஓர் எதிரிச் சாம்ராஜ்யம் தேவைப்பட்டது. அத்தேவைக்காகப் பிறந்தவர்களே இவர்கள். பனிப்போர்க் காலச் சோவியத் யூனியனின் சாயலை விமர்சகர்கள் இவர்களிடம் கண்டதில் வியப்பில்லை. 1979இல் வெளிவந்த திரைப்படத்திலேயே நெற்றி மேடுகளுடன் கூடிய தோற்றம் கிடைத்தது. 1984இல் வந்த மற்றொரு படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ரண்ட் இலக்கணத்துடன் கூடிய மொழியொன்றை ஆக்கினார். செயப்படுபொருள் முதலிலும் வினை நடுவிலும் எழுவாய் ஈற்றிலும் வரும் அதன் வாக்கிய ஒழுங்கு, உலக மொழிகளில் மிக அரிது. 1985இல் அகராதியும் அச்சேறியது.

ஆயினும், பண்பாடு என்று சொல்லத்தக்கது 1987இல் ஆரம்பமான இரண்டாவது தொடரிலேயே மலர்ந்தது. மைக்கல் டோர்ன் நடித்த வோர்ஃப் என்ற பாத்திரமே அதற்குக் காரணம். பெற்றோரை இழந்து, மானிடக் குடும்பமொன்றில் வளர்ந்த கிளிங்கன் அவன். தன் இனத்திலிருந்து விலகி வளர்ந்தவனே அதன் மரபுகளை யாவரிலும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறான். பாத்திர வார்ப்பில் இது நுட்பமான இடம்.

சடங்குகளை நோக்குவோம். 1988இல் ஒளிபரப்பான அங்கமொன்றில் ஒரு வீரன் இறக்கின்றான். தோழர்கள் அவனது கண்களைத் திறந்து உற்று நோக்குகின்றனர். பின்னர் முகத்தை உயர்த்திப் பெருங்குரலில் முழங்குகின்றனர். வீரனொருவன் வருகின்றான் என்று மறுவுலகத்தாரை எச்சரிக்கும் முழக்கம் அது. அதன்பின் உடல் வெறுங்கூடு. அதற்கு மரியாதை ஏதும் இல்லை. 1989இல் வந்த அங்கத்தில், பருவமெய்தும் சடங்கின் பத்தாவது ஆண்டு நிறைவை வோர்ஃப் தனியே எண்ணிக் குமைகின்றான். வலியூட்டும் கோல்களை ஏந்தி இருபுறமும் நிற்போர் நடுவே நடந்து, வேதனையைத் தாங்கியவாறே மனத்திலுள்ளதை உரைப்பது அச்சடங்கு. அதை அவனுக்காக ஒழுங்கு செய்து கொடுப்பவர்கள் வேற்றினத்து நண்பர்கள். சண்டைக் காட்சிகள் பலவும் சொல்லாததை இவ்விரு காட்சிகளும் சொல்லிவிடுகின்றன.

இவ்வரிசையில் தலையாயது 1990இல் ரொனால்ட் டி. மூரும் டபிள்யூ. ரீட் மோரனும் திரைக்கதை எழுதிய அங்கமே. வோர்ஃபின் இறந்த தந்தைமீது துரோகக் குற்றம் சுமத்தப்படுகின்றது. உண்மைத் துரோகி செல்வாக்குள்ள வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவன். உண்மை வெளிவந்தால் சாம்ராஜ்யம் பிளவுபடும் என்பதால் தலைவரே அதை மூடி மறைக்கின்றார். வோர்ஃப் பழியை ஏற்கின்றான். உயர் சபையினர் ஒருவர்பின் ஒருவராகக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்புகின்றனர். இரகசியம் காக்கப்படவேண்டும் என்பதற்காக, உடன்பிறந்த தம்பியும் முதுகு காட்டுகின்றான். பொய்யென்று தெரிந்தவர்களே முன்னின்று நிறைவேற்றும் சடங்கு இது! மானத்தின் பெயரால் நடக்கும் சபையில், மானமுள்ளவன் ஒருவனே அவமானப்பட்டு வெளியேறுகின்றான். சடங்கும் உண்மையும் பிரியும் இந்த இடத்திலேயே கிளிங்கன் கதை இலக்கியத் தகுதி பெறுகின்றது என்பது எனது கருத்து.

எனினும், பெருங்குறையொன்று உண்டு. ஓர் இனம் முழுவதையும் 'போர்வீரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடும் எழுத்து அது. இவர்களது வாளைச் செய்தவன் யார்? குழந்தைக்கு எழுத்தறிவித்தவர் யார்? பயிரிட்டவர் யார்? பல நூறு அங்கங்களிடையே இக்கேள்விகள் பெரும்பாலும் எழுவதேயில்லை. பகைவனாகப் படைக்கப்பட்டவனுக்குப் பிற்பாடு மானத்தை வழங்கினார்கள். அன்றாட வாழ்வை வழங்க மறந்தார்கள். அன்றாட வாழ்வு இல்லாத சமூகத்தை நாம் வியக்கலாம், அஞ்சலாம். அயலவராக ஏற்க இயலாது.

இக்குறையை உணர்ந்து எழுதப்பட்ட அங்கம் 2003இல் வந்தது. முந்திய கதைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட காலத்தில் நிகழும் கதை அது. கோலோஸ் என்னும் முதிய வழக்கறிஞர், தன் தந்தை ஓர் ஆசிரியர் என்றும் தாய் பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறிஞர் என்றும் கூறுகின்றார். எல்லோரும் வீரர்களாய் இருந்ததில்லை, அந்த வகுப்பினர் பின்னரே மேலோங்கினர் என்று வருந்துகின்றார். நீதிமன்றத்தை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைக்கும் செல்கின்றார். தப்பிச் செல்ல வாய்ப்பு வந்தபோதும், தண்டனையை முடித்துத் திரும்பி வந்து தன் சமூகத்தைத் திருத்தப் போராடுவதற்காக அங்கேயே தங்கிவிடுகின்றார். அவர் கையில் வாள் இல்லை. ஆயினும் கிளிங்கன் கதைகளில் யான் கண்ட பெருவீரர் அவரே.

தொடர் விட்ட இடைவெளியை இரசிகர்களும் ஓரளவு நிரப்பினர். 1992இல் அமெரிக்காவில் கிளிங்கன் மொழி நிறுவகம் தோன்றியது. 1996இல் ஷேக்ஸ்பியரின் 'ஹம்லட்' அம்மொழியில் நூலாயிற்று. போருக்கென்று ஆக்கப்பட்ட மொழிக்கு மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் கிடைத்தனர். படைத்தவர்கள் பாடசாலை கட்டித் தராத நாட்டில், வாசகர்களே அதனைக் கட்டினார்கள்.