விழுப்புண்ணும் தலைக்காயமும்

களத்தில் மாண்டவனைப் பாடுவதில் தமிழருக்கு நிகர் தமிழரே. ஆனால் உயிரோடும் அறிவோடும், தானே தீர்மானித்துக் களத்தை விட்டு நீங்கியவனைப் பாடிய பாட்டோ, சொன்ன கதையோ எளிதில் அகப்படுவதில்லை. இஃது இலக்கியத்தில் ஒரு சிறு குறைதானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் மண்டையோட்டைப் பற்றிய விஷயம் இது.

2017 ஜனவரி 22ந் தேதி இலண்டனில் செல்சிக்கும் ஹல் சிட்டிக்கும் நடந்த ஆட்டத்தை இப் பாயான் பாருவின் ஒட்டுக்கடைகளிலும் பலர் பார்த்திருப்பர். உயர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்ட எழும்பிய ஹல் சிட்டியின் ரையன் மேசனும் செல்சியின் கேரி கேஹிலும் மோதிக்கொண்டனர். மேசனின் மண்டையோடு உடைந்தது. ரண சிகிச்சை செய்து 14 உலோகத் தகடுகளை 28 திருகாணிகளால் பொருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் மீண்டும் ஆட முயன்று, 2018 பிப்ரவரியில் வைத்தியர்களின் சொல்லைக் கேட்டு அவர் ஆட்டத்தை விட்டார். அப்போது வயது 26.

செல்சியின் கோல் காவலர் பெட்டர் செக் என்பவருக்கும் 2006 அக்டோபரில் மண்டையோடு உடைந்ததுண்டு. மூன்று மாதத்தில் தலைக்காப்புத் தொப்பி அணிந்து திரும்பி வந்து, 2019 வரை ஆடினார். செக்கின் பெயரைச் சொன்னால் நம்மவர் கண்கள் விரிகின்றன. மேசன் என்றாலோ, "பாவம்" என்கிறார்கள். அந்தப் "பாவம்" என்ற சொல்தான் எமது ஆராய்ச்சிக்கு உரியது. அறிவோடு நடந்துகொண்ட ஒருவனுக்கு இரக்கம் எதற்கு?

இது நேற்று வந்த வழக்கமன்று. விழுப்புண் படாத நாளெல்லாம் வீண் நாள் என்று எண்ணும் வீரனைக் குறளின் படைச்செருக்கு நமக்குக் காட்டுகிறது. மகன் முதுகில் புண்பட்டு மாண்டானென்று கேட்டுச் சினந்த தாய், பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் எதிர்நின்று பட்டானென்று கண்டதும், பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்கிறது புறநானூறு. கவிதை என்ற வகையில் அவை உயர்ந்தவையே, மறுப்பாரில்லை. ஆயினும் நாடு காக்கும் போருக்குச் சொன்னதை நுழைவுச் சீட்டு விற்று நடத்தும் ஆட்டத்திற்குச் சொல்வது எவ்வகை நியாயம்?

சுசீந்திரன் இயக்கிய வெண்ணிலா கபடிக் குழு (2009) என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்து ஏழை இளைஞரின் வாழ்வை உள்ளபடி காட்டிய நல்ல படம், பகட்டில்லாதது. ஆனால் முடிவில் இறுதி ஆட்டத்தின் வெற்றியோடு மாரிமுத்துவின் உயிரையும் கதை வாங்கிக்கொள்கிறது. நாமும் கண்ணீர் விட்டு, நெஞ்சு நிமிர்ந்து எழுந்து வருகிறோம். அவன் வீட்டில் மறுநாள் உலை வைத்தது யாரென்று படம் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஏழையின் வாழ்வைக் காட்டத் தெரிந்த இயக்குநருக்கு ஏழையின் சாவை மட்டும் அலங்காரமின்றிக் காட்டத் தெரியாமற் போனதே எமது ஆக்ஷேபணை.

காற்பந்தில் சாவு இவ்வளவு ஆரவாரத்தோடு வருவதுமில்லை. 1968ல் எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலை அடித்த ஜெஃப் ஆஸ்டில், தலையால் முட்டுவதில் பெயர் பெற்றவர். நினைவிழந்து 2002ல் 59 வயதில் இறந்தார். விசாரணை அதிகாரி அதனைத் தொழில்நோயால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பளித்தார். தொழில்நோய்! ஆட்டமென்று நாம் கைதட்டியதற்கு அந்த அதிகாரி வைத்த பெயர் அது. தோட்டத்தில் கணக்கெழுதும் எமக்கும், மருந்தடிக்கும் பெண்களுக்கும் பழகிய சொல். 2019ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மூளை தேயும் நோய்களால் அவர்கள் இறக்கும் விகிதம் மற்றவரைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கென்று கண்டனர்.

ஆகவே மேசனைவிடவும் கெவின் டாயிலையே நாம் பெரிதாகப் பாட வேண்டும் என்போம். அயர்லாந்தின் இந்த ஆட்டக்காரருக்கு எலும்பு உடையவில்லை. பந்தை முட்டுவதால் அடிக்கடி தலைவலி வந்தது. வைத்தியர் எச்சரிக்க, 2017 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டார். வெளியே தெரியும் புண் ஒன்றுமில்லாதவன் விலகினால் ஊர் கோழை என்னும். அந்தப் பேச்சைத் தாங்கவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். அமெரிக்கக் காற்பந்தில் கிறிஸ் போர்லண்டு என்பவர் 2015ல், ஒரே பருவம் ஆடி, 24 வயதில் இவ்வாறே நீங்கினார்.

நிற்க. பொருள் உள்ளவன் விலகுவான், இல்லாதவன் என் செய்வான் என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நேரான கேள்வி. 2023, 2024ஆம் ஆண்டுகளில் மலேசியக் குழுக்கள் சிலவற்றில் ஆட்டக்காரர்க்குச் சம்பளமே மாதக்கணக்கில் பாக்கி நின்றது. தோட்டத்து லயத்திலிருந்து பந்தை நம்பிப் புறப்பட்ட பையன், தலை சுற்றுகிறது என்று பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வான்? சொன்னால் இடம் போகும். அவனுக்கு நஷ்டஈடும் வேறு தொழிற்பயிற்சியும் வேண்டும். அவை எழுத்தாளன் கொடுக்கக்கூடியவை அல்ல. ஆனால் இடத்தோடு மானமும் போகும் என்று அவன் அஞ்சுகிறானே, அந்த அச்சத்தைக் கொடுத்தவர்கள் பாட்டெழுதியவரும் படமெடுத்தவருமே.

மேசன் 2021 ஏப்ரலில், 29 வயதில், டாட்டன்ஹாம் குழுவின் தற்காலிகப் பயிற்சியாளராக எல்லைக்கோட்டோரம் நின்றார். பிரிமியர் லீக்கில் அத்துணை இளவயதில் அப் பொறுப்பேற்றவர் அதற்கு முன் எவருமிலர். மாரிமுத்துவும் மூச்சு வாங்கக் கோட்டைவிட்டு எழுந்து வந்து, ஆட்டம் தோற்று, அடுத்த பத்தாண்டு அவ்வூரிலேயே வாழ்ந்திருந்தால் என்ன நடந்திருக்குமென்று நம் கதாசிரியர் ஒருவரேனும் எழுதிப் பார்ப்பாராக.