உடல் எவருக்குச் சொந்தம்?

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்திலே, மகிடாசுரமர்த்தினி மண்டபச் சுவரிலே, மனித உடலில் எருமைத் தலையைப் பொருத்தினான் பல்லவர் காலத்துச் சிற்பி. அத்தகைய கலப்பைத்தான் சித்திரப் படத்திலே காட்டுகிறார் ஜப்பானிய இயக்குநர் மமோரு ஓஷி. எருமைக்குப் பதில் எந்திரம்! மசமுனே சிரோவின் படக்கதையிலிருந்து 1995இல் பிறந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' அது. கதை நடப்பது 2029இல்.

நாயகி மோட்டோகோ அரசின் காவல் பிரிவிலே பணிபுரிபவள். மூளை தவிர மற்றதெல்லாம் எந்திரம். வேலையை விட்டு விலகலாம். ஆனால் உடலைத் திருப்பித் தந்துவிட வேண்டும்! கூலியைப் பறித்த முதலாளியைக் கண்டிருக்கிறோம், தோழர்களே. கையையும் காலையும் கடனாகத் தந்து ஆளும் ஆட்சியை இங்கே காண்கிறோம்.

எனினும் நம் நெஞ்சைத் தைத்தது நாயகியின் நிலையன்று. குப்பை வண்டித் தொழிலாளியின் நிலை. மனைவி உண்டு, மகள் உண்டு என்று நம்புகிறான். நிழற்படத்தை நீட்டுகிறான், அதிலே மகள் இல்லை, அவனே இருக்கிறான். குடும்பமே எவனோ மூளையிலே புகுத்திய பொய்! அங்கே அதற்கு எந்திரம் தேவைப்பட்டது, இங்கே புராணமே போதுமானதாயிற்று என்றெண்ணிச் சிரித்தோம், சிரிப்பு நீடிக்கவில்லை.

குறையும் உண்டு. மனிதனில் எஞ்சியதற்கு 'ஆவி' என்று பெயரிட்டது பழைய சரக்கே. ஆனால் மின்வலையிலே தோன்றிய நிரலொன்று, தானும் உயிரே என வாதாடிப் புகலிடம் கேட்கும்போது, படம் தன் தலைப்பையே அசைத்துப் பார்க்கிறது. அந்நிரல் நாயகியோடு கலக்கிறது. கலந்து பிறந்த புதுமைக்குக் கிடைப்பதோ ஒரு சிறுமியின் எந்திர உடல். நண்பன் கள்ளச்சந்தையிலே வாங்கியது. அதை அரசிடம் திருப்பித் தர வேண்டியதில்லை!